இருபத்து நான்கு வெள்ளி ரூபாய்கள்

நம் அன்னையார் 2022-ஆம் ஆண்டு ரமலான் பிறைக்கு முந்திய வாரத்தில் இறையடி சேர்ந்தார்கள். அடக்கச் செலவையும், மளிகைக் கடையில் இருந்த சிறு பாக்கியையும் தீர்த்த பின்னர், அவர்கள் விட்டுச் சென்றதைப் பாகம் செய்துகொள்ள உடன்பிறந்தார் நால்வரும் புளியங்குடியில் நம் இல்லத்தில் கூடினோம். வீடும் மனையும் அத்தா மறைந்தபோதே பிரிந்துவிட்டன. நகையென்று சொல்ல ஒன்றுமில்லை. எஞ்சியிருந்தது ஒரு தகரப் பெட்டி. அதனுள் வெள்ளி ரூபாய்கள் 24.

ஆண் மக்கள் இருவர், பெண் மக்கள் இருவர். ஆணுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் மொத்தம் ஆறு பங்குகள். இருபத்து நான்கை ஆறாகப் பிரித்தால் பங்குக்கு நான்கு. நமக்கும் தம்பிக்கும் எட்டு எட்டு, தங்கையர்க்கு நான்கு நான்கு. பாகப்பிரிவினையில் கணக்கு இத்தனை எளிதாக வந்து அமைவது அரிது. எண்ணி வைக்க மூத்த தங்கை கையை நீட்டியபோது, சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தம்பி, "பொறுங்கள் அண்ணே, அதற்குள்ளே பன்றி ரூபாய் ஒன்று கிடக்கிறதே, அதை எப்படி மற்றதோடு சேர்த்து எண்ணுவது?" என்றார்.

இளைய வாசகர்க்கு இந்தப் பெயர் வியப்பளிக்கலாம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பட்டத்துக்கு வந்தபின் 1911-ஆம் ஆண்டு கல்கத்தாவிலும் பம்பாயிலும் அச்சான ரூபாயில், மன்னரின் உருவத்தை வடித்தவர் பெர்ட்ரம் மக்கென்னல் என்னும் சிற்பி. மன்னர் அணிந்த மேலங்கியின் மீது விருதுச் சங்கிலி ஒன்று தொங்குகிறது; அதில் சின்னஞ்சிறு யானை ஒன்று பொறிக்கப்பட்டது. தும்பிக்கை குறுகி, கால் குட்டையாகி, அது யானையாகத் தெரியாமல் பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்கள் கையால் தொடவும் கூசினர். ஏனையோரும் முகம் சுளித்தனர். அரசு விழித்துக்கொண்டு வெளியீட்டை நிறுத்தியது. அச்சிட்டவற்றுள் சிறு பகுதியே மக்கள் கைக்கு வந்தது. மீதி உலைக்குச் சென்றது. 1912-ஆம் ஆண்டு ரூபாயில் தும்பிக்கையும் காதும் தெளிவாகத் தெரியும்படி யானையைத் திருத்தினார்கள். அந்த ஒரு விரற்கடைகூட இல்லாத யானையால் 1911-ஆம் ஆண்டு ரூபாய் இன்று அரும்பொருள்.

அது நம் பெட்டிக்குள் வந்த கதையை அன்னையார் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். நம் பாட்டனாரின் தந்தை கைத்தறி நெசவாளர். சங்கரன்கோயில் ஆடித் தபசுக் கூட்டத்தில் சேலை விற்ற பணத்தோடு இந்த ரூபாயும் வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பிய பிறகுதான் அதன் செய்தி காதில் விழுந்தது. தமக்கு வேண்டாததைப் பிறர் தலையில் கட்டுவது தகாது என்று செலவழிக்கவும் மறுத்தார். கிடைத்த பொருளை வீசி எறிவதும் தகாது என்று எறியவும் மறுத்தார். தறியில் மிஞ்சிய துணித்துண்டு ஒன்றில் முடிந்து பெட்டியின் அடியில் போட்டார். அன்று போட்டதுதான். மற்ற 23 ரூபாய்களும் எத்தனையோ கைமாறித் தேய்ந்து வந்தவை. விக்டோரியா அரசியின் கன்னம் தடவிய இடமெல்லாம் வழுவழுப்பு. இது ஒன்று மட்டும், ஒருவரும் தொட விரும்பாத காரணத்தால், அச்சகத்திலிருந்து வந்த மேனியோடு இருந்தது. வெறுப்பும் சில வேளை பொருளைப் பாதுகாத்துவிடுகிறது.

எடையைப் பார்த்தால் எல்லாம் ஒன்றே. ரூபாய் என்றால் 180 கிரெயின், அதாவது ஒரு தோலா. இன்றைய கணக்கில் 11.66 கிராம். பொன்வேலை செய்வோர் ரூபாயையே படிக்கல்லாக வைத்து நிறுத்த காலம் உண்டு. ஆனால் சேகரிப்போர் சந்தையில் எடை பேசாது, மேனி பேசும். அந்த மேனிக்கு யார் விலை சொல்வது? நாம் சொன்னால் நமக்குச் சாதகம் என்று தோன்றும். தம்பி சொன்னால் வெளிநாட்டு ஆசை என்று தோன்றும். பங்கு பங்காகவே இருக்க வேண்டுமானால் நால்வருள் சேராத ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். "தரம் பார்க்கிற கம்பெனிக்கு அனுப்பிவிடுவோம்" என்று தம்பி முன்மொழிந்தார். பெட்டி அதுவரை மூத்தவராகிய நம்மிடம் அமானத்தாக இருக்கட்டும் என்று மூவரும் சொல்லிச் சென்றனர்.

நாணயத்துக்குத் தரம் பார்ப்பதைத் தொழிலாக நடத்தும் நிறுவனங்கள் அமெரிக்காவில் தோன்றின. பி.சி.ஜி.எஸ். என்பது 1986-லும், என்.ஜி.சி. என்பது 1987-லும் தொடங்கப்பட்டவை. தபாலில் காசு வாங்குகிறவர் விற்பவரின் சொல்லை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. விற்பவர்க்கோ தம் காக்கை எப்போதும் பொன்குஞ்சு. இடையில் நின்று, காசு மெய்யா போலியா என்று பார்த்து, தேய்மானத்தை அளந்து எண் கொடுத்து, திறந்தால் தெரிந்துவிடும்படியான கண்ணாடி போன்ற கெட்டி உறைக்குள் அடைத்துத் தருவது இவர்கள் வேலை. எண் 1 முதல் 70 வரை. 60-க்கு மேல் என்றால் புழக்கத்தில் தேயாத காசு. இந்த அளவுகோலை 1949-இல் வகுத்தவர் வில்லியம் ஷெல்டன் என்பவர். பிறர் காசுக்கு அளவுகோல் செய்த அந்த மனிதர், அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேமிப்பிலிருந்த நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு தம்முடைய தாழ்ந்த காசுகளை அவ்விடத்தில் வைத்துவிட்டார் என்பது அவர் மறைந்த பின் வெளிப்பட்டது. அமானத் என்ற சொல் எந்த மொழிக்காரனையும் சோதிக்காமல் விடுவதில்லை போலும். நம்மையும் விடவில்லை.

இனி நாம் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். தம்பி சிங்கப்பூர் திரும்பிய பின், பொட்டலம் கட்டுமுன் காசுகளை ஒருமுறை எடுத்துப் பார்த்தோம். துணிக்குள் கிடந்த ரூபாயில் ஓரமெல்லாம் கருநீலம் படர்ந்திருந்தது. அயல்நாட்டு நிபுணர் முன் அழுக்குக் காசை வைப்பதா என்று தோன்றிற்று. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் முகம் கழுவி விடுவதில்லையா? நம் ஊரின் பெயரிலேயே புளி இருக்கிறது. நோன்புக்கு முன் குடத்தையும் தாம்பாளத்தையும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிக் கவிழ்ப்பதைப் பிறந்தது முதல் பார்த்து வளர்ந்த கை இது. ஓர் எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, அடுப்புச் சாம்பலில் தோய்த்து, கட்டைவிரலால் தேய்த்தோம். பளபளவென்று நிலவுபோல் வந்தது. மனம் நிறைந்துபோயிற்று.

அந்தக் கருநீலம் அழுக்கன்று. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு கூடி உண்டாகும் மெல்லிய படலம் அது. மெதுவாக, ஆண்டுக்கணக்கில் படிவது. அதன் அடியில்தான் காசின் உயிர் இருக்கிறது. அச்சின் அழுத்தத்தில் வெள்ளி நெரிந்து பரவும்போது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் விழும். காசைச் சாய்த்தால் ஒளி சக்கரம்போல் சுழன்று ஓடுவது அவற்றால்தான். புளி படலத்தைத் தின்றது. சாம்பல் அந்தக் கோடுகளை அறுத்தது. நாம் கண்டு மகிழ்ந்த பளபளப்பு காயத்தின் பளபளப்பு. இதெல்லாம் அன்று நமக்குத் தெரியாது.

பொட்டலமும் அதே அறிவோடு கட்டப்பட்டது. கடைத்தெருவில் விற்கும் வழவழப்பான பிளாஸ்டிக் பை ஒன்றில் 24 காசுகளையும் போட்டு, ரப்பர் வளையம் மாட்டி, பஞ்சு சுற்றி, இனிப்புப் பெட்டியில் வைத்தோம். ஆட்டினால் சலங்கை ஒலித்தது. மேலே சிங்கப்பூர் முகவரி. அஞ்சலகத்தில் சுங்கப் படிவம் கொடுத்தார்கள்; உள்ளடக்கம் என்ற இடத்தில் "பழைய நாணயங்கள்" என்று எழுதினோம். சாளரத்துக்கு அப்பால் இருந்த இளைஞர் அதைப் படித்துவிட்டு, "ஐயா, எத்தனை வருசத்துக் காசு?" என்று கேட்டார். நூற்றுப் பத்து ஆண்டுக்கு மேல் என்று பெருமையோடு சொன்னோம். அவர் படிவத்தை நம் பக்கம் தள்ளி, "இதை வெளிநாட்டுக்கு வாங்க முடியாது. யாரையாவது விசாரித்துவிட்டு வாருங்கள்" என்றார். அப்போது சற்றுச் சினம் வந்தது உண்மை. இன்று அவரை எண்ணும்போதெல்லாம் துஆச் செய்கிறோம்.

விசாரித்தது, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியராகிய நண்பரிடம். அவர் சொன்னது இது: தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரல் 5 முதல் நடப்பில் உள்ளது. நூறாண்டுக்குக் குறையாத வயதுடைய நாணயம் அச்சட்டப்படி தொல்பொருள். அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப மைய அரசுக்கோ அது அதிகாரமளித்த அமைப்புக்கோ மட்டுமே உரிமை. மீறினால் ஆறு மாதத்திற்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை, அதோடு தண்டமும் உண்டு. விற்கவில்லை, பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பத்தான் என்பதெல்லாம் சுங்கச்சாவடியில் எடுபடாது. அண்ணன் தம்பிக்கு அனுப்பினாலும் ஏற்றுமதி ஏற்றுமதியே. நம் காசுகளில் ஒன்றேனும் நூறுக்குக் கீழ் இல்லை. இருபத்து நான்கு குற்றங்களை இனிப்புப் பெட்டியில் அடைத்துக்கொண்டு நாம் அஞ்சலகம் சென்றிருக்கிறோம்.

நண்பர் அத்தோடு விடவில்லை. திருநெல்வேலிச் சீமையின் காசுகளைப் பற்றியே லோவெந்தால் என்ற பாதிரியார் 1888-இல் சென்னையில் ஒரு நூல் வெளியிட்டார் என்றார். மதுரையில் பதினான்காம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான்களின் நாணயங்களைப் பற்றி ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1909-இல் எழுதினார். ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா தொடங்கி அவ்வரசர்களின் பெயர் வரிசையை நாம் இன்று சொல்ல முடிவதற்கு, இப்னு பதூதாவின் பயணக்குறிப்போடு, அந்தச் சிறு செப்புக்காசுகளின் அறபு எழுத்துகளே பெரும் துணை. "அந்தக் காசு கிடைத்தவர்களெல்லாம் புளி போட்டு விளக்கியிருந்தால் எழுத்து எங்கே மிஞ்சும்?" என்று அவர் இயல்பாகக் கேட்டார். நாம் காசை விளக்கியது அவருக்குத் தெரியாது. நெஞ்சில் சுருக்கென்றது. வாய் திறக்கவில்லை.

மும்பையில் நாணயம் பார்த்துத் தரம் எழுதித் தரும் உரிமம் பெற்ற வணிகர் ஒருவரின் முகவரி அவர் வழியே கிடைத்தது. நாட்டுக்குள்ளே அனுப்புவதற்குத் தடையில்லை. எல்லாக் காசையும் அனுப்பிக் கட்டணம் அழ வேண்டாம், ஐயத்துக்குரிய ஒன்றை மட்டும் அனுப்புங்கள் என்று அவ்வணிகரே தொலைபேசியில் சொன்னார். கட்டும் முறையையும் பொறுமையாக விளக்கினார்.

வழவழப்பான பிளாஸ்டிக் பை காசுக்குப் பகை. அதில் உள்ள பி.வி.சி. நாளடைவில் கசிந்து காசின் மேல் பச்சைப் பிசினாக ஒட்டும். ரப்பர் வளையத்தில் கந்தகம் இருக்கிறது. வெள்ளியைக் கறுக்கச் செய்துவிடும். வேண்டியது மைலார் என்னும் கெட்டியான தெளிந்த தாள் ஒட்டிய அட்டை உறை. இரண்டங்குலச் சதுரம், நடுவில் வட்டச் சாளரம். காசை முகத்தில் தொடாமல் விளிம்பில் பிடித்து உள்ளே வைத்து மடித்து, நான்கு ஓரமும் கம்பி ஊசி அடிக்க வேண்டும். ஊசியின் முனையைக் குறட்டால் தட்டிச் சப்பையாக்காவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும். காசில் அன்று, உறையின் அட்டையில்தான் அடையாளம் எழுத வேண்டும், அதுவும் காசை வைக்குமுன். அந்த உறையை இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் வைத்து நாடா ஒட்டி, காற்றுக்குமிழ்த் தாள் சுற்றி, சிறு பெட்டியில் இறுக்கி, அந்தப் பெட்டியைப் பெரிய பெட்டியில் வைத்து இடைவெளியை அடைக்க வேண்டும். பிறகு காதருகே ஆட்டிப் பார்க்க வேண்டும். ஒலி வந்தால் பிரித்து மறுபடி கட்ட வேண்டும்.

இதைக் கேட்டதும் நமக்கு நம் ஊர் எலுமிச்சைச் சந்தை நினைவுக்கு வந்தது. கேரளத்துக்கு ஏற்றும் எலுமிச்சையை மூட்டை பிடிக்கிறவர் தளர்வாக விடமாட்டார். உருளுகிற பழம் அடிபடும், அடிபட்ட ஒன்று அடுத்ததைக் கெடுக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த மூட்டைகளைக் கடந்து அன்றாடம் நடந்தும் நாம் கற்றுக்கொள்ளாததை மும்பைக்காரரிடம் கேட்க வேண்டியதாயிற்று.

பெட்டியின் மேல் காசு என்றோ வெள்ளி என்றோ எழுதவில்லை. உள்ளே ஒரு சீட்டு. அதில் பெயர், முகவரி, காசின் ஆண்டு, எடை. இருபுறமும் படம் எடுத்து வைத்தோம். நாணயத்தைத் தபாலில் அனுப்பினால் காப்பீடு செய்தே அனுப்ப வேண்டும் என்பது அன்றைய விதி. உலக அஞ்சல் ஒப்பந்தமும் காப்பீடில்லாத கடிதத்தில் நாணயம் வைப்பதை விலக்கியுள்ளது. முன்பெல்லாம் காப்பீட்டுப் பொதியைத் துணியால் தைத்து, தையல் நெடுகிலும் அரக்கு முத்திரை வைப்பார்கள். அத்தா காலத்தில் வீட்டில் அரக்குக் குச்சி இருந்தது. உருகும் அந்த மணத்துக்காகவே நாம் பக்கத்தில் நிற்பதுண்டு. காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று கேட்டபோதுதான் கை நடுங்கிற்று. விலை தெரியாமல்தானே அனுப்புகிறோம்? வணிகர் உத்தேசமாகச் சொன்ன தொகையை எழுதினோம்.

மூன்று வாரம் கழித்துப் பொதி திரும்பியது. கட்டியவிதத்தில் குறையில்லை, காசு மெய்யானது, தேய்மானம் மிகச் சொற்பம் என்று அவர் எழுதியிருந்தார். அடுத்த வரி: அண்மையில் தேய்த்துத் துலக்கப்பட்டது, மேற்பரப்பில் ஒரே போக்கில் நுண்கீறல்கள், ஆகவே எண் தரம் தருவதற்கில்லை. அமெரிக்க நிறுவனங்களும் இத்தகைய காசுக்கு எண் கொடுப்பதில்லை. துலக்கப்பட்டது என்ற குறிப்போடுதான் உறையில் அடைப்பார்கள். துலக்காமல் இருந்திருந்தால் சாதாரண ரூபாய் 13-க்கு ஈடு, இன்றைய நிலையில் 4-க்கு ஈடு என்று இரண்டு கணக்கையும் அவர் கொடுத்திருந்தார். முதற் கணக்கை நாம் கேட்கவில்லை. அவராகவே எழுதினார்.

ஒன்பது ரூபாய்க்காசின் மதிப்பை ஒரு முற்பகலில் நம் கட்டைவிரல் அழித்திருக்கிறது. நூற்றுப் பத்தாண்டு துணியில் கிடந்ததற்கு வராத தீங்கு, அமானத்தாகப் பெற்ற நம் கையால் வந்தது. அன்றிரவு உறக்கமில்லை. தங்கையர் இருவர்க்கும் அந்த வரியின் பொருள் விளங்காது. சொல்லாமல் நான்கு ரூபாய்க் கணக்கிலேயே பாகம் செய்துவிடலாம் என்ற எண்ணமும் எட்டிப் பார்த்தது. அதை மறைப்பானேன்?

மறுநாள் ஆலிம் ஒருவரிடம் சென்று கேட்டோம். காப்பில் வைத்த பொருள் தானாகக் கெட்டால் வைத்திருப்பவர்மீது பொறுப்பில்லை. தம் செய்கையால் கெடுத்தால் ஈடு செய்வது கடமை, நல்ல நோக்கத்தோடு செய்தது என்பது பாவத்தைக் குறைக்கலாம், கடனைக் குறைக்காது என்றார். உரியவர்கள் மன்னித்து விட்டுக்கொடுத்தால் அது அவர்கள் உரிமை. நாமாக அவர்களிடம் மன்னிப்பை எதிர்பார்த்துப் பேசக்கூடாது என்றும் சொன்னார்.

தங்கையரை வரவழைத்து, தம்பியைக் கைப்பேசியில் அழைத்து, கடிதத்தை முதல் வரி முதல் கடைசி வரி வரை படித்துக்காட்டினோம். புளியையும் சாம்பலையும் சொன்னோம். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு மூத்த தங்கை, "அம்மா இருந்தாலும் துலக்கித்தான் அண்ணே அனுப்பியிருப்பாங்க" என்றார். தம்பி, அதை நான்காகவே வைத்துப் பிரித்துவிடுங்கள் என்றார். இளையவர் மட்டும் வாய் திறக்கவில்லை. அவர் மகளுக்குச் செவிலியர் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய ஆண்டு அது என்பது நமக்குத் தெரியும். அந்த மௌனத்தை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள மனம் துணியவில்லை.

பன்றி ரூபாயை 13 என்றே வைத்துக் கணக்கிட்டோம். மற்ற 23-ஐயும் கூட்டினால் 36. ஆறு பங்காக்கினால் பங்குக்கு ஆறு: ஆண் மக்களுக்குப் பன்னிரண்டு, பெண் மக்களுக்கு ஆறு. நாம் அந்த ஒற்றைக் காசை மட்டும் எடுத்துக்கொண்டோம். தம்பிக்குப் பன்னிரண்டு, தங்கையர்க்கு ஆறு ஆறு என எண்ணி வைத்தபோது, 23 காசுகள் 24 பேர் கேட்டதுபோல் ஒன்று குறைந்தது. நம் பங்கு பன்னிரண்டுக்கு ஒன்று கூடுதலாகிவிட்ட கணக்கு அது. குறைந்தது இளைய தங்கையின் குவியலில்.

மறுவாரம் சங்கரன்கோயிலுக்குப் பேருந்தேறிச் சென்று, வெள்ளிக்கடை ஒன்றில் பழைய ரூபாய்கள் இருக்கின்றனவா என்று கேட்டோம். கடைக்காரர் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்தார். ஒவ்வொன்றாக விளிம்பைப் பிடித்து எடுத்து ஆண்டைப் பார்த்தோம். நாம் காசைப் பிடிக்கும் விதத்தைக் கண்டு அவர் சிரித்தார். ஏழாவதோ எட்டாவதோ, 1912. மன்னர் தோளில் யானை நின்றது. தும்பிக்கை ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. விலையைக் கொடுத்து, கையோடு கொண்டுசென்ற மைலார் உறையில் அடைத்து, நேரே தங்கை வீட்டுக்குச் சென்றோம். வாங்கிப் பார்த்த தங்கை, "கறுத்துக் கிடக்கிறதே அண்ணே, கொஞ்சம் புளி போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டுவிட்டு, அன்றுதான் முதன்முறையாகச் சிரித்தார்.